வொயிட்பீம் மரம்: இயல்பும் வளரும் இடமும்

வொயிட்பீம் மரத்தை அழகுக்காக வளர்க்கலாமா, எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்ப் பிரதேசம் என்றால் தாராளமாக வளர்க்கலாம். ஐரோப்பிய மரமான இதில் எனக்குப் பிடித்தது ‘லூட்டெசென்ஸ்’ ரகம். வசந்தத்தில் மொட்டு விரியும்போது பாருங்கள்: இளம் இலைகள் வெள்ளி முலாம் பூசியதுபோல் மேல்நோக்கிக் குவிந்து நிற்கும்; தூரத்திலிருந்து மக்னோலியா மரத்தின் பூமொட்டோ என்று ஏமாந்துபோவோம். கோடையில் மேற்புறம் சாம்பல் பச்சையாகிவிடும்; அடிப்புறத்தில் பஞ்சுபோல் இருக்கும் வெண்மயிர் மட்டும் அப்படியே இருக்கும். காற்றடித்து இலைகள் புரண்டால் மரமே நிறம் மாறும்! பிறகு வெள்ளைப் பூக்கள், இலையுதிர் காலத்தில் சிவந்த பழங்கள். அவற்றைப் பறவைகள் விட்டுவைப்பதில்லை.

சுமார் 10 மீட்டர் உயரும். நல்ல வெயில் வேண்டும். சுண்ணாம்பு மண், கடற்காற்று, நகரப் புகை எல்லாவற்றையும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்குவதைத்தான் தாங்காது.