சம்பளம் யார் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

மதுரை அருகே தோப்பூர் வழியாகப் போகும்போதெல்லாம் எய்ம்ஸ் கட்டடம் எழுவதைப் பார்க்கிறேன். அதற்கும் ஜப்பான் கடன்தான். ஏழை நாடுகளின் மருத்துவத்துக்குத் தந்துவந்த உதவியை அமெரிக்கா 2025இல் நிறுத்தியதற்கு நீங்கள் வருந்தி எழுதியிருந்தீர்கள். தன் நாட்டு நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத அரசு அடுத்தவரிடம் கையேந்தலாமா? உதவி நின்றால்தானே சொந்தக் காலில் நிற்பார்கள்?

ச., திருமங்கலம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. எப்படி நிற்க வைப்பது என்பதில்தான் வேறுபடுகிறோம். நம் மதுரை மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு.

1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட வட்டாரம் கொட்டாம்பட்டி. உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது அவர்கள் வேலை. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்த வேலை பார்த்த அக்கா ஒருவர், உருண்டை கொடுப்பதைவிட அட்டையைக் காட்டித் தாய்க்குப் புரியவைப்பதுதான் கடினம் என்று என்னிடம் சொன்னார். பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் பிள்ளையின் கோடு ஏறாமல் படுத்திருப்பதை எந்தத் தாயும் எளிதில் நம்புவதில்லையாம். 1997இல் இரண்டாம் கட்டம் முடிந்தபோது அந்தத் திட்டத்தின் மையங்கள் அங்கன்வாடித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டன. வெளிப்பணம் விலகியது, வேலை தொடர்ந்தது. எடுத்துக்கொள்ள ஓர் அரசு தயாராக இருந்தது, அதற்குப் பல ஆண்டு அவகாசமும் கிடைத்தது.

2025 ஜனவரி 20 அன்று நடந்தது அப்படியா? அமெரிக்க அதிபரின் ஒரே கையெழுத்தில் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். எச்.ஐ.வி. மாத்திரைகளை அந்த அரசு தன் பணத்தில்தான் வாங்குகிறது. ஆனால் மாத்திரை வாங்க வராதவரைத் தேடிப்போகிறவர், ஆலோசனை சொல்கிறவர், பதிவேடு எழுதுகிறவர் எனப் பலருக்கு அமெரிக்கப் பணத்தில் சம்பளம். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மாத்திரை இருந்து என்ன பயன், கொண்டுசேர்க்க ஆள் வேண்டாமா?

கையேந்துவது என்கிறீர்களே, அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. ஆப்பிரிக்க நாடான மலாவி தன் செலவில் படிக்கவைத்த நர்ஸுகள் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2004இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பிரிட்டன் உள்ளிட்டோரின் உதவியோடு மலாவி தன் சுகாதாரப் பணியாளர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம் கொடுத்தது. 5,453 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 2009இல் 8,369 ஆனது. ஏழை நாடு படிக்கவைத்த ஆளைப் பணக்கார நாடு எடுத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் பணம் தந்தால் அதைப் பிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கோபத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு. பட்ஜெட்டில் 15 சதவீதத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் உறுதி கூறின. பெரும்பாலானவை அதைக் காப்பாற்றவில்லை. அந்த அரசுகளை உலுக்கிக் கேட்க வேண்டும். உதவி தருகிறவர்களும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் அன்றே, எந்த ஆண்டில் எத்தனை பேரின் சம்பளம் உள்ளூர் அரசின் கணக்குக்கு மாறும் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தோப்பூருக்கும் இதே கேள்விதான். ஜப்பான் கடன் சுவர் எழுப்பும். வார்டில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸுக்கு டெல்லிதான் மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். அத்தனை பணியிடங்களும் நிரப்பப்படுகின்றனவா என்று இப்போதிருந்தே கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன்.