கால்நடை உற்பத்தி முறை என்றால் என்ன? மாடு, பன்றி, கோழியை ஏன் தனித்தனியாகப் படிக்க வேண்டும்?

எந்த இனம், என்ன தீவனம், எப்படிப்பட்ட கொட்டகை, எவ்வளவு ஆள்பலம், எங்கே விற்பனை: இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் உற்பத்தி முறை. வீட்டுச் சமையல், மெஸ், கல்யாணப் பந்தி மூன்றிலும் அதே அரிசிதான். ஆனால் அடுப்பு, பாத்திரம், ஆள், மிச்சம், செலவு எல்லாமே வேறு. அதுபோலத்தான் தெருவோரம் இரண்டு மாடு வைத்திருப்பவரும் நாமக்கல் கோழிப்பண்ணையும்.

தனித்தனியாகப் படிப்பதற்கு அடிப்படைக் காரணம் உடலமைப்பு. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகள் வைக்கோலையும் சத்தாக மாற்றிவிடும். பன்றி, கோழிக்கு அந்த வசதி கிடையாது. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு என்று விலை கொடுத்து வாங்கிப் போட்டாக வேண்டும். பன்றிக்குச் சரியாக வியர்க்கவும் வியர்க்காது. சென்னையின் மே மாத வெயிலில் அதன் கொட்டகைக்குத் தண்ணீர்த் தெளிப்பு ஆடம்பரம் அல்ல, உயிர்ப் பிரச்சினை.

காலமும் வேறு. பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், பெரும்பாலும் ஒரே கன்று. பன்றிக்கு 114 நாள், ஒரே ஈற்றில் பல குட்டிகள். கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். போட்ட பணம் திரும்பும் வேகம் இதைப் பொறுத்ததே.

சென்னையில் இதைப் படிக்க, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டுவது ஹார்மோன் ஊசியால் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது பல தலைமுறை இனத்தேர்வும் செறிவான தீவனமும் தரும் வளர்ச்சி.