புல்லைப் பார்க்கிற பெண்ணுக்கு எதற்கு இன்ஜினியரிங்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லாருமே விளையாட்டுக்காரர்கள். மாமனார் ராணுவத்தில் இருந்தவர், வெலிங்டனில் ஹாக்கி ஆடியவர். கணவர் மாவட்ட அணிக்குக் கால்பந்து ஆடி, அந்தச் சான்றிதழை வைத்தே வேலைக்குப் போனவர். மூத்த மகன் நூறு மீட்டர் ஓடுகிறான். மகள் இப்போது ப்ளஸ் டூ, பயாலஜி குரூப். நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்பாவோடு மைதானத்தில் வளர்ந்தவள். பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடி மாநிலப் போட்டி வரை போயிருக்கிறாள். இந்த வருடம் திடீரென்று, "இனிமே நான் ஆடலம்மா, வேற ஏதாவது படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

வீடு இரண்டுபட்டுப் போயிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் வாங்கலாம், கிடைக்காவிட்டால் பணம் கட்டியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார் பெரியப்பா. நாமக்கல்லில் ஒரு வருடம் தங்க வைத்து நீட் எழுத வைக்கலாம் என்பது அத்தையின் யோசனை. அப்பா மகளோடு சரியாகப் பேசியே பல நாளாகிறதாம். "ராத்திரி தூக்கமே இல்ல, என் பொண்ணு என்ன ஆவாளோ" என்று முடித்திருக்கிறார் அந்த அம்மா.

அம்மா, உங்கள் மகள் தப்பு எதுவும் செய்யவில்லை. பதினேழு வயதில் தனக்கு எது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அவள். ஆறுதலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி நான் எழுதப்போவது உங்கள் உறவினர்களுக்குப் பிடிக்காது.

இன்ஜினியரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் உண்டு, அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பன்னாட்டு, தேசியச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். மாநிலப் பள்ளிப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழுக்கு, பெரியப்பா நினைக்கிற கல்லூரியில் அவர் நினைக்கிற பாடம் கிடைப்பது கஷ்டம். சரி, கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வேண்டும் என்று அந்தப் பெண் ஒருநாளாவது கேட்டாளா? உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வரி இல்லை.

போலீஸ், ராணுவம், ரயில்வே, பி.டி. டீச்சர் இதெல்லாம் உங்கள் வீட்டுக்கே அத்துப்படி. அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் மகளோடு போனில் பேசினேன். "ஆட்டம் அலுத்துப்போச்சா?" என்றதற்கு, "அலுக்கலை மேடம். ஆனா மேட்ச் நடக்கும்போதும் நான் கிரவுண்டைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள். அவர்கள் பள்ளி மைதானத்தில் மேற்குப் பக்க கோல் முன்னால் ஐப்பசி மழையில் நாள்கணக்காகத் தண்ணீர் நிற்குமாம். கிழக்குப் பக்கம் நிற்பதில்லை. சரிவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஏன் என்று கண்டுபிடிக்க, உடைந்த குடையின் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மைதானம் முழுக்கக் குத்திப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் நிற்கிற இடத்தில் கம்பி இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. மற்ற இடங்களில் சாண் ஆழம் போயிருக்கிறது. பயிற்சி எல்லாம் அந்த ஒரே கோலில் நடப்பதால் மண் மிதிபட்டு இறுகிவிட்டது. அப்புறம் பி.டி. மாஸ்டரிடம் கேட்டு, ஒரு பாய் அளவு இடத்தில் கடப்பாரையால் துளை போட்டு ஆற்று மணலை நிரப்பியிருக்கிறாள். பக்கத்திலேயே அதே அளவு இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டிருக்கிறாள். அடுத்த மழையில் மணல் போட்ட இடம் முதலில் வடிந்தது.

யாரும் சொல்லித்தராமல் அவள் செய்த இந்த வேலைக்கு உலகம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். பொதுவாக டர்ஃப் மேனேஜ்மென்ட், அதாவது புல்தரை பராமரிப்பு என்பார்கள். கிரிக்கெட்டில் இதைச் செய்பவர் க்யூரேட்டர்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் யாருக்கும் இது ஒரு படிப்பாகத் தெரியவில்லை. பன்னாட்டு அளவுள்ள கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஏக்கர். உங்கள் தேயிலைத் தோட்டம் ஒரு ஏக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைவிடப் பெரிய ஒரு பயிர் நிலம் அது. அந்தப் பயிரை இருபத்திரண்டு பேர் பூட்ஸ் காலால் மிதிப்பார்கள், மறுவாரம் அது மறுபடி பச்சையாக எழுந்து நிற்க வேண்டும். கீழ்நாட்டில், அதாவது சமவெளி மைதானங்களில் போடுகிற பெர்முடா புல் வேறெதுவுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லின் இனம்தான். வெயிலை நன்றாகத் தாங்கும், மலைக் குளிரில் பழுத்துச் சுணங்கிவிடும். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் படர்ந்திருக்கிற கிக்குயூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்தது. குளிரைத் தாங்கும், ஆனால் மெத்தை மாதிரி கனமாகப் படர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் செங்குத்தாகக் கீறிவிட வேண்டும், துளை போட வேண்டும், மணல் தூவ வேண்டும். நம் மலை மண் புளிப்பு மண், சுண்ணாம்பு இட்டுச் சரிப்படுத்தாமல் உரத்தை எவ்வளவு கொட்டினாலும் புல் அதை முழுதாக எடுக்காது.

உறைபனி இன்னொரு பாடம். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அதன்மேல் நடந்தால், உறைந்த புல்லின் இழைகள் உடைந்து, நடந்த தடமெல்லாம் பிறகு பழுப்பாகத் தெரியும். வெயில் ஏறிப் பனி கரையும்வரை யாரையும் மைதானத்தில் இறக்கக் கூடாது. கீழ்நாட்டில் படித்து வந்த ஒருவர் இதைப் புத்தகத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பெண்ணுக்கு இது ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு மாறும். கால்பந்துக்குப் புல் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். விம்பிள்டனில் ரை புல்லை 8 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். கோல்ஃப் குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். கிரிக்கெட்டில் 22 கஜப் பட்டைக்குக் களிமண், ஈரம், ரோலர் மூன்றும் சேர்ந்துதான் பந்து எப்படி எழும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் மழைநீரை அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கும் இயந்திர அமைப்பே இருக்கிறது. அதே மைதானத்தில் 2024 மகளிர் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு ஆடுகளம் தயாரித்தவர் ஜெசிந்தா கல்யாண் என்ற பெண்மணி. கர்நாடக கிரிக்கெட் சங்கத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்தவர், இன்று இந்தியாவின் முதல் பெண் க்யூரேட்டர் என்று அறியப்படுகிறார். "பொம்பளைப் பிள்ளை மண்வெட்டி பிடிக்கிறதா" என்று அத்தை கேட்டால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதற்கு நேரான வழி பி.எஸ்சி. தோட்டக்கலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடப் படிப்பு. கோவையிலும் பெரியகுளத்திலும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு, அவளுடைய சான்றிதழ்கள் இங்கே உதவக்கூடும். மண், நீர், பூச்சி, நோய், விதை எல்லாம் படிப்பாள். மேலே எம்.எஸ்சி.யில் மலரியல், நில எழிலூட்டும் துறையை எடுத்தால் புல்தரை பராமரிப்பு தனிப் பாடமாகவே வரும். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் ஊட்டியிலும் வெலிங்டனிலும் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன, பெரிய மைதானம் வைத்திருக்கிற உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கேட்டு உள்ளே போய் அங்குள்ள மாலிகளோடு, அதாவது தோட்டக்காரர்களோடு வேலை செய்யட்டும். படித்தவர்களுக்குத் தெரியாத பல விஷயம் அவர்களிடம் இருக்கிறது. கிரிக்கெட் பக்கம் போக விரும்பினால், க்யூரேட்டர்களுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது.

பட்டம் வாங்கிய மறுநாளே ஸ்டேடியத்தில் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆரம்பச் சம்பளமும் பெரியப்பா சொல்கிற ஐ.டி. சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் அதே பட்டத்தை வைத்துக்கொண்டு டி.என்.பி.எஸ்.சி. தோட்டக்கலை அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வும் எழுதலாம். மைதானம் கைகொடுக்காவிட்டாலும் அவள் நடுத்தெருவில் நிற்க மாட்டாள். விருப்பமில்லாமல் சேர்ந்து அரியர் வைத்த இன்ஜினியரிங் பட்டத்துக்கு இந்த உத்தரவாதத்தை யாராவது கொடுப்பார்களா?

பண விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். பசுந்தேயிலை விலை ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருப்பதில்லை, அந்த வருமானத்தை நம்பி வட்டி கட்ட முடியாது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டச் சொல்கிறவர், நான்கு வருட ஹாஸ்டல் செலவில் ஒரு ரூபாயாவது ஏற்றுக்கொள்வாரா என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் கருத்து வெறும் கருத்துதான். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் என்று வண்ண வண்ண நோட்டீஸ் அடித்துக்கொண்டு சில தனியார் நிறுவனங்கள் வரும், லட்சக்கணக்கில் கேட்கும். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். தனியார் தோட்டக்கலைக் கல்லூரி என்றால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. சார், மகள் பூட்ஸைக் கழற்றியதும் மூன்றாம் தலைமுறையோடு எல்லாம் போச்சு என்று உங்களுக்கு வலிக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குளிரில் உங்கள் பின்னால் ஓடி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் எங்கேயும் போய்விடவில்லை. பந்து எந்த இடத்தில் எப்படித் துள்ளும் என்று ஆடிப் பார்த்தவளுக்குத்தான் காலடியில் தெரியும். மைதானம் பார்க்கிறவருக்கு அது பெரிய சொத்து. பதக்கம் வாங்கித்தான் அப்பாவுக்குப் பட்ட நன்றிக்கடனைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள். அவளை நேரில் கூப்பிட்டு அந்தக் குடைக்கம்பி விஷயத்தைக் கேளுங்கள். எனக்குச் சொன்னதை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்றாள்.

ரிசல்ட் வருவதற்குள் இரண்டு காரியம் முடியட்டும். விளையாட்டுச் சான்றிதழ்களின் அசலை ஒரே கோப்பில் சேர்த்து, பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டியிருக்கும். இரண்டாவது, மைதானம் பராமரிக்கிற ஒருவரோடு அவளை நாலைந்து நாள் முழுசாக இருக்கவிடுங்கள், மழை நாளானால் இன்னும் நல்லது. "இவ்வளவுதானா" என்று சலித்துத் திரும்பினால், செலவில்லாமல் ஒரு விஷயம் தெரிந்தது, வேறு வழி பேசலாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். சேற்றோடு வந்து இரவு சாப்பாட்டிலும் அதையே பேசிக்கொண்டிருந்தால், கலந்தாய்வில் விருப்ப வரிசையை அவளே நிரப்பட்டும். முதலில் கோவை, அடுத்து பெரியகுளம். பெரியப்பாவிடம் சீட் கிடைத்த பிறகு சொன்னால் போதும்.