கைநாட்டும் சம்மதமும்

வணக்கம் அண்ணா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். தாதியியல் படிக்கிறேன். போன மாதம் இரத்தச்சோகை ஆய்வுக்கென்று ஒரு குழு வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அனுமதி தந்துவிட்டார் என்று சொல்லி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பெண்களை வரிசையாக நிற்க வைத்து இரத்தம் எடுத்தார்கள். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள், ஒருவரும் மறுக்கவில்லை. ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் முறையாக நடக்கும் என்கிறார்கள். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

அன்புள்ள தங்கைக்கு,

ஒருவரும் மறுக்கவில்லை என்கிறீர்களே, எனக்கு உறுத்துவதும் அதுதான்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள், என் சின்னம்மாவை மலையிலிருந்து டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டார்கள். கருத்தடை ஒப்பரேசனுக்கான படிவம், சிங்களத்தில். பெருவிரலில் அப்பிய நீல மையைப் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துக்கொண்டே வந்தாராம். ஏன் வைத்தீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "டொக்டரய்யா சொன்னா வைக்கத்தானே வேணும்?" என்றார். அந்த டொக்டரய்யாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். சின்னம்மாவுக்கு நாட்சம்பளத்துக்குப் பேர் போட்டதும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காம்பரா கொடுத்ததும் அதே தோட்டம். அப்புறம் எப்படி மாட்டேன் என்பார்?

ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பான சம்மதம் கட்டாயம் என்று, நாஜி வைத்தியர்கள் மீதான வழக்கில் பிறந்த நியூரம்பேர்க் நெறிமுறை சொன்னது 1947இல். அடுத்த வருடமே மலையகத் தமிழரான நம் குடியுரிமை போயிற்று. மருத்துவ ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது 1964 ஜூனில். அதே வருடம் ஒக்டோபரில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பங்கிட்டார்கள். யாரிடம் கேட்டார்கள்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நம் சார்பில் அனுமதி கொடுப்பவர் மட்டும் இன்றும் துரைதான்.

ஆட்சி மாறினால் வைத்தியம் தானாகத் திருந்திவிடாது. தென்னாபிரிக்காவில் 1977இல், பொலிஸ் காவலில் அடிபட்டுக் கிடந்த, நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோவை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வாகனத்தில் கொண்டுபோகச் சம்மதித்தவர் ஒரு வைத்தியர். நோயாளியை விட்டுப் பொலிசுக்குப் பணிந்தவர். நிறவெறி ஆட்சி போன பிறகு, 1997இல், அந்த ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணைக்குழு சுகாதாரத் துறைக்கென்றே தனி விசாரணை வைத்தது. இங்கே அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

நீங்கள் படித்தவர், உங்கள் பேச்சு எடுபடும். அந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்த ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு எது என்று விசாரியுங்கள். அடுத்த குழு வந்தால், வேலை முடிந்த பின்னேரம், உத்தியோகத்தர் யாரும் பக்கத்தில் இல்லாமல், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். யோசிக்க இரண்டு நாள் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரத்தம் கொடுத்த பெண்களுக்கு முடிவு என்னவென்று சொன்னார்களா? கேட்டு எழுதுங்கள்.