திணறி நிற்கும் பழைய கார்: முதலில் பெட்ரோல் பம்ப்பைப் பாருங்கள்

வணக்கம் சார். 2007 மாடல் பெட்ரோல் கார், பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் இழுவை குறைந்து திணறி நிற்கிறது, 20 நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது, பிளக்கும் பேட்டரியும் மாற்றியாயிற்று என்கிறீர்கள். பேட்டரிக் காசு வீண்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கிராங்க் சென்சாரை, அதாவது இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கருவியைச் சந்தேகப்படுவேன். சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வண்டி திணறித்தான் நிற்கிறது. அது பெட்ரோல் போதாத லட்சணம். டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டி என் பழைய வண்டியின் பம்ப்பைக் கொன்றவன் நான்.

அடுத்த முறை நின்றதும் ஓரங்கட்டி, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி 'உய்ங்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்ப், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, ஒயரிங் மூன்றில் ஒன்று. கேட்டாலும் நம்பிவிடாதீர்கள், சுற்றும் பம்ப் போதிய அழுத்தம் தராமல் போகலாம். மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் மாட்டி, வண்டி சூடாக இருக்கும்போதே பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இவ்வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 3 பார் அளவில் இருக்கும். காலையில் குளிர்ந்த வண்டியில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

பெட்ரோல் ஃபில்டரையும் பாருங்கள், அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஜே.சி. ரோட்டில் பம்ப் கிடைக்கும், ஆனால் அளக்கும்வரை வாங்காதீர்கள். அப்புறம், அதுவரை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏற வேண்டாம்.