33ஆம் வாரம், பி.பி., பெயர்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவிக்குக் கர்ப்பத்தில் 33ஆம் வாரம், சுகர் இருக்கிறது, இப்போது பி.பி.யும் ஏறுகிறது, முட்டர்பாஸ் என்கிற கர்ப்ப காலக் குறிப்புப் புத்தகத்தில் டாக்டர் ‘ரிஸ்க்’ என்று டிக் போட்டுவிட்டார், 37 வாரத்திலேயே வலி வரவழைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார். ஆஸ்பத்திரி கொடுத்த படிவத்தில் குழந்தையின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஊரிலோ பிறக்கும் முன்னால் பெயர் பேசவே கூடாது என்கிறார்கள், போதாததற்கு உங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

பெயரை முதலில் முடியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பி.பி.யைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், மெஷின் இருக்கிறது. பெயரும் காகிதங்களும் உங்கள் இரண்டு பேர் தலையில்தான் விழும், அதுவும் நீங்கள் தூங்காமல் கிடக்கிற வாரத்தில். இந்த சனி ஞாயிறில் உட்கார்ந்து முடித்துவிட்டால் மிச்சமிருக்கிற நாளெல்லாம் மனைவியைக் கவனிக்க மட்டும்தான்.

அந்த டிக்கைப் பார்த்து மிரள வேண்டாம். முட்டர்பாஸில் 52 காரணங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, 35 வயது தாண்டியிருந்தாலே அதில் ஒரு டிக் விழும். அந்தக் கணக்கில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் ரிஸ்க்தான். ஆனால் பி.பி. அப்படித் தள்ளிவிடுகிற விஷயம் இல்லை. வீட்டில் ஒரு நல்ல பி.பி. மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், காலை மாலை உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு பார்த்து எழுதி வையுங்கள். 140/90 தொட்டால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும், 160/110 என்றால் யாரையும் கேட்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். விடாத தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி மினுக்கல், வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றுவது, இதில் எது வந்தாலும் அப்படியே. அந்த விலா வலியைத்தான் நம் ஆட்கள் வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். ஊரிலிருந்து வீடியோ காலில் யார் என்ன சொன்னாலும் முதல் போன் பிரசவ வார்டுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே அந்த வார்டை கிரைஸ்ஸால் என்பார்கள், அதன் நேரடி எண்ணை இரண்டு பேர் போனிலும் இப்போதே சேமித்து வையுங்கள். ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் கூப்பிடலாம், டாக்டரின் சீட்டு தேவையில்லை. எடுத்தவுடன் எத்தனையாவது வாரம், பி.பி. எவ்வளவு, என்ன தொந்தரவு என்று இந்த வரிசையில் சொன்னால் உங்கள் ஜெர்மன் அரைகுறையாக இருந்தாலும் அவர்களுக்குப் போதும். எழுந்து நடக்க முடியாத நிலை என்றால் 112, ஆம்புலன்ஸ் எண்.

எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இதே பி.பி. கதைதான். வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட், ஒன்று குழந்தையின் இதயத் துடிப்புக்கு, ஒன்று வயிறு இறுகுவதைப் பார்க்க. பக்கத்தில் மெஷினிலிருந்து காகிதம் கரகரவென்று வந்து மடிந்துகொண்டே இருக்கும், குழந்தை கொஞ்சம் நகர்ந்தால் சத்தம் நின்றுவிடும், நமக்கு உயிரே போய்விடும். நர்ஸ் வந்து பெல்ட்டை இரண்டு விரல் அளவு தள்ளி வைத்ததும் திரும்பவும் குதிரை ஓடுகிற மாதிரி டக் டக் டக். இது உங்களுக்கும் நடக்கும், அதனால்தான் சொல்லி வைக்கிறேன். ரத்தத்தில் நஞ்சுக்கொடி சம்பந்தமான இரண்டு பொருட்களின் விகிதத்தையும் பார்ப்பார்கள். அது 38க்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு பி.பி. ஆபத்தாக முற்றுகிற பயம் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம், அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று. எல்லா இடத்திலும் எல்லாக் குழந்தையையும் எடுக்க மாட்டார்கள். சாதாரணப் பிரசவ ஆஸ்பத்திரி 36 வாரம் முடிந்த பிறகுதான், அடுத்த நிலை 32 வாரத்திலிருந்து, அதற்கும் முன்னால் வருகிற குழந்தைகளுக்கு லெவல் 2, லெவல் 1 என்று தனி மையங்கள். நீங்கள் பதிவு செய்திருக்கும் இடம் எந்த நிலை, அங்கே குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் மாற்றுங்கள். பிறந்த பிறகு அம்மா ஒரு ஆஸ்பத்திரி, பிள்ளை ஒரு ஆஸ்பத்திரி என்று ஆவதைவிட அரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வது எவ்வளவோ மேல்.

சுகருக்கு ஒரு வரி: வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குள். டயட் சொல்லித் தருகிறவருக்கு இட்லியும் தெரியாது, சாம்பாரும் தெரியாது. எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே எழுதிக்கொண்டு போனால்தான் பேச்சு உருப்படும்.

சரி, பெயர். பிறந்த ஒரு வாரத்துக்குள் ஷ்டாண்டெஸாம்ட் என்கிற பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். குழந்தையின் பெயரை மட்டும் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம், ஆக, ஊரில் நட்சத்திரம் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் பெயர் சேரும் வரை பிறப்புச் சான்றிதழ் முழுமையாகாது, அது இல்லாமல் கிண்டர்கெல்ட் என்கிற குழந்தைக்கான உதவித்தொகை, எல்டர்ன்கெல்ட் என்கிற பெற்றோருக்கான உதவித்தொகை, பாஸ்போர்ட் எல்லாமே இழுக்கும். நட்சத்திரம் கேட்டால் இங்குள்ள நேரத்தை அப்படியே அனுப்பாதீர்கள், பஞ்சாங்கம் இந்திய நேரத்துக்குக் கணித்தது. கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு ராசியே மாறிவிட்டது, பாட்டி இன்னும் சமாதானம் ஆகவில்லை.

பிறக்கும் முன்னால் பெயர் பேசக் கூடாது என்பவர்களோடு சண்டை போடாதீர்கள். நீங்கள் இருவரும் மூன்று பெயர் முடிவு செய்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாவிட்டால் அது வைத்த பெயர் ஆகாது. ஆணா பெண்ணா என்று இங்கே ஸ்கேனில் சொல்லிவிடுவார்கள், ஊரில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லக் கூடாது, அதனால் உங்கள் வீட்டில் நச்சரிப்பார்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இந்த நாட்டில் அனுமதித்த பெயர்ப் பட்டியல் என்று எதுவும் இல்லை. பெயர் குழந்தைக்குக் கெடுதல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பெயரைக் கேட்டாலே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்று முன்பு அதிகாரிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். 2008 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு மகளுக்குக் கிரண் என்று வைக்க நினைத்த பெற்றோருடையது. அதனால் நிலா, இனியன், மாறன் எது வைத்தாலும் தாராளமாக வைக்கலாம். அதிகாரி முகத்தைச் சுளித்தால் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையத்தில் கேட்டு எழுதி வாங்கலாம். எழுத்துக்கூட்டலை மட்டும் யோசியுங்கள்: இங்கே ஜே எழுத்தை ‘ய’ என்று படிப்பார்கள், ஜெயந்தி யெயந்தி ஆகிவிடுவாள். வி எழுத்தைச் சிலர் ‘ஃப’ என்பார்கள். இஸட், எச் சேர்த்து ழகரம் எழுதினால் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும், அதற்கு நீங்கள் தயார் என்றால் வையுங்கள், நான் வைத்தேன்.

உண்மையான தலைவலி குடும்பப் பெயர்தான். நம் வழக்கத்தில் அப்பா பெயர் இனிஷியலோடு முடிந்துவிடும், இங்கே அந்தக் கட்டத்தைக் காலியாக விட மாட்டார்கள். 2025 மே 1 முதல் இங்கே வசிக்கிற குழந்தையின் பெயருக்கு ஜெர்மன் சட்டம் பொருந்தும், வேண்டுமானால் இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை வைத்துக் குழந்தைக்கு எதைக் குடும்பப் பெயராகப் போட முடியும் என்று பதிவு அலுவலகத்துக்கு இப்போதே மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் பிள்ளைக்குப் போடுவதுதான் அடுத்த பிள்ளைக்கும், அதனால் அவசரத்தில் எதையாவது போடாதீர்கள். உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் இங்குள்ள அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து வையுங்கள். சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக இந்திய அரசு போடுகிற அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை, அதற்குச் செலவு செய்யும் முன்னால் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தை ஜெர்மன் குடிமகன் ஆகாது, அதற்குப் பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி இங்கே இருந்து நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அங்கேயும் எழுத்துக்கு எழுத்து இதே பெயர்தான்.

கடைசியாக, அம்மாவை எப்போது வரச் சொல்வது என்றீர்கள். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். 37இல் எடுப்பார்கள் என்றால் 36 வாக்கில் வந்தால் போதும், முன்னாலேயே வந்தால் உங்களுக்குத் தேவைப்படும்போது நாள் தீர்ந்துவிடும். அதுவரை மனைவி படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், வீட்டு வேலைக்கு ஆள் உதவி உங்கள் கிராங்கென்காஸே இன்சூரன்ஸிலேயே கேட்கலாம், அதற்கு ஹவுஸ்ஹால்ட்ஸ்ஹில்ஃபே என்று பெயர், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தாலோ பிரசவத்துக்குப் பிந்தைய விடுப்பு 8 வாரத்துக்குப் பதில் 12 வாரம், அந்தச் சான்றிதழையும் டிஸ்சார்ஜ் ஆகும் முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.