பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆபீஸில் கழித்துப்போட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 டவர் ஒன்று வாங்கினேன். ஐ5-3470 பிராசசர், 8 ஜிபி ரேம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு மலிவாக வருகிறது. ஆனால் அதற்கு 8 பின் ஒயர் தேவை, என் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அது இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா ஒயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் ஓடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: ஓடும். ஆனால் ஒயர் கருகும் வரைதான் ஓடும். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். ஒரு பின் தாங்குவது 1.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்தால் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். 1660 சூப்பரோ கேம் ஓடும்போது 125 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பங்கு இந்த ஒயர் வழியாகத்தான் போகும். பின்கள் சூடேறும், பிளாஸ்டிக் இளகும், அப்புறம் கருகல் வாசனைதான்.

உங்கள் டவரில் கம்பெனி கொடுத்த எஸ்எம்பிஎஸ் 275 வாட். பிராசசர் மட்டுமே 77 வாட் கணக்கு. ஆகவே தனி ஒயர் கேட்காத, மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டாகப் பாருங்கள். எக்ஸ்16 எனப்படும் அந்த ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்குபவை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல்.

எங்கள் ஓட்டு 1650-க்கு. 1050 டிஐ நல்ல கார்டுதான், ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 3050 வாங்கினால் உங்கள் பிராசசரே அதன் முழு வேகத்தை எடுக்கவிடாது. நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் வாங்கலாம்.

பெயரை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடாதீர்கள். 1650-லேயே 6 பின் கேட்கும் மாடல்கள் நிறைய உண்டு. 1650 சூப்பர் 100 வாட் கார்டு, அதற்குத் தனி ஒயர் கட்டாயம். 3050-ன் 8 ஜிபி மாடலும் அப்படியே, அது 130 வாட். கார்டின் மேல் விளிம்பில் கறுப்பு சாக்கெட் இருக்கிறதா என்று படத்திலோ நேரிலோ பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

1660 சூப்பர்தான் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். 7010 டவரின் மதர்போர்டில் இருப்பது வழக்கமான 24 பின் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் பொருந்தும். (7020, 9020 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றில் டெல்லுக்கே உரிய 8 பின். 24-லிருந்து 8-க்கு மாற்றும் ஒயர் தனியாக வாங்க வேண்டும்.) பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் அது தரப்போவது 192 வாட்தான். அப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுவே.

கேள்வி: கார்டைப் போட்டு ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. கழற்றினால் பழையபடி வேலை செய்கிறது. என் மானிட்டரில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும்தான் உள்ளது.
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டு ஏறியதும் பல ஆபீஸ் மாடல்களில் மதர்போர்டின் டிஸ்ப்ளே தானாக அணைந்துவிடும். ஒயர் கார்டில்தான் இருக்க வேண்டும்.

அங்கேதான் உங்கள் விஜிஏ இடிக்கும். 1050 டிஐ, 1650 போன்றவற்றின் சிப்பில் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீடே கிடையாது. அவற்றிலுள்ள டிவிஐ-டி துளையில் அனலாகுக்கான நான்கு சின்னப் பின்துளைகள் இல்லாததால், டிவிஐ டு விஜிஏ என்று விற்கும் சிறு தலை உள்ளேயே போகாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

அதன் பிறகும் இருட்டு என்றால் கார்டு ஸ்லாட்டில் முழுவதும் உட்காராமல் இருக்கலாம். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கியைத் தள்ளிவிட்டுத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி ஒடியும். திரும்பப் போடும்போது இரு முனையிலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். கார்டின் பிராக்கெட் (பின்பக்க இரும்புத் தகடு) கேபினட்டில் சாய்வாக உட்கார்ந்து, அந்த நிலையில் ஸ்க்ரூ முறுக்கினால், கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மயிரிழை மேலே வந்துவிடும். வெளியே பார்க்கச் சரியாகத்தான் தெரியும்.

இதுவும் இல்லையென்றால் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம். கார்டைக் கழற்றி, கம்பெனித் தளத்தில் உங்கள் மாடலுக்கான கடைசி பயாஸை ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: 1650 போட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு பழுதா? (தஞ்சை வாசகர்)

பதில்: கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜிபியு (கார்டின் சிப்) 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது, கேமின் செட்டிங்கைக் குறையுங்கள். ஜிபியு 50, 60-ல் நின்று சிபியு 100-ஐத் தொட்டால் பிராசசர்தான் தடை. இதைவிட மேலான கார்டு வாங்கினாலும் காசுதான் போகும். 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா? இன்னொரு 8 ஜிபி சேர்த்து டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆக்குங்கள். டிடிஆர்3-1600 ஒரு ஸ்டிக் விநாடிக்கு 12.8 ஜிபி தரும், இரண்டானால் 25.6. திக்கல் பெரும்பாலும் இதிலேயே குறையும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ஜிடி 1030 போதுமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: போதாது. அதில் வீடியோ என்கோடரே (முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் பகுதி) இல்லை, எக்ஸ்போர்ட் வேகம் அதிகமாகாது. ஆர்எக்ஸ் 6400-லும் அதே குறை. 1650-ல் என்கோடர் உண்டு.

கேள்வி: ஆன்லைனில் 1050 டிஐ நம்ப முடியாத விலைக்கு வருகிறது. விஜிஏ போர்ட்டும் இருக்கிறதாம். (காரைக்குடி வாசகர்)

பதில்: அந்த விஜிஏ போர்ட்தான் உங்களை எச்சரிக்கிறது. ஜிடிஎஸ் 450 போன்ற அரதப்பழசான கார்டுகளின் உள்ளே இருக்கும் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது பழைய தில்லுமுல்லு. விண்டோஸும் அதே பொய்ப்பெயரைத்தான் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை ஓட்டினால் போலிக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டும். அசலில் கூடா கோர் (சிப்புக்குள் இருக்கும் சிறு கணக்கிடும் அலகு) 768, மெமரி ஜிடிடிஆர்5. என்விடியா தளத்திலிருந்து இறக்கிய டிரைவர் ஏற மறுத்தால் சந்தேகமே வேண்டாம், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.